தடையற்ற முன்னேற்றக் கல்வி முறை

தடையற்ற முன்னேற்றக் கல்வி முறை என்பது புதுச்சேரியில் உள்ள ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையத்தில் பின்பற்றப்படும் கற்றல் முறையாகும். 'ஃப்ரீ புரோகிரஸ்' என்றும் இதைக் குறிப்பிடுவர். குழந்தை தன் ஆர்வத்தையும் வேகத்தையும் கொண்டு கற்க வேண்டும், ஆசிரியர் துணை நிற்க வேண்டும் என்பது இதன் அடிப்படை.

தோற்றம்

இரண்டாம் உலகப் போரின்போது பல குடும்பங்கள் குழந்தைகளுடன் ஆசிரமத்தில் தஞ்சம் புகுந்தன. அவர்களுக்காக 1943 டிசம்பர் 2 அன்று ஸ்ரீ அன்னை சுமார் 20 குழந்தைகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1952இல் பல்கலைக்கழக மையமாக விரிவடைந்த அது, 1959இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

கருத்து இன்னும் பழையது. பரோடா கல்லூரியில் ஆசிரியராகவும் கல்கத்தாவில் வங்காள தேசியக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்த அரவிந்தர், 1910இல் 'கர்மயோகின்' இதழில் கல்வி பற்றி எழுதினார். அதில் மூன்று கொள்கைகளை வைத்தார்: அறிவை யாரும் யாருக்கும் ஊட்டிவிட முடியாது, கற்பவரின் மனத்தைக் கேட்டே கல்வி நடக்க வேண்டும், அருகில் உள்ளதிலிருந்து தொலைவில் உள்ளதற்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது எளிதாகத் தோன்றும். ஆனால் வகுப்பில் அதுதான் முதலில் கைவிடப்படுகிறது. கடற்கரை நண்டு ஏன் பக்கவாட்டில் ஓடுகிறது என்று கேட்ட மாணவனை, "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று நானே அடக்கியிருக்கிறேன். கடலோ பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருந்தது.

வகுப்பறையில்

மாணவர் ஆசிரியருடன் பேசித் தாம் கற்க வேண்டியதைத் திட்டமிடுகிறார். ஆசிரியர் தயாரித்துத் தரும் பணித்தாள்களைக் கொண்டு தனியாகவோ சிறு குழுவாகவோ வேலை செய்கிறார். தடுமாறும் இடத்தில் ஆசிரியரிடம் செல்கிறார். ஆசிரியருக்கு வேலை குறைவு என்று நினைப்பது தவறு. நாற்பது பேருக்கு ஒரே பாடம் நடத்துவதைவிட, பத்துப் பேருக்குப் பத்து விதமான தாள் தயாரிப்பது கடினம். கணிதமும் அறிவியலும் பிரெஞ்சு மொழியிலும் பிற பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கப்படுகின்றன. உடற்கல்விக்கும் கலைகளுக்கும் நிறைய நேரம் உண்டு.

தமிழ்நாட்டில் ஓர் ஒப்பீடு

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றல் முறையிலும் குழந்தை தன் வேகத்தில் முன்னேறியது. ஆந்திரத்தின் ரிஷிவேலி அதற்கு முன்மாதிரி. ஆனால் அங்கே அட்டைகளின் வரிசையும் ஏணிப்படியும் முன்பே வகுக்கப்பட்டவை. வேகம் குழந்தையுடையது, பாதை அப்படியல்ல.

தேர்வும் சான்றிதழும்

கல்வி மையம் பட்டமோ சான்றிதழோ வழங்குவதில்லை. சான்றிதழுக்காகப் படிக்கும்போது ஆர்வம் பின்தள்ளப்படுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஏற்கத்தக்க காரணமே. ஆயினும் பட்டம் இல்லாமல் வேலை கிடைக்காத நாட்டில், நடுத்தரக் குடும்பம் எளிதில் எடுக்கக்கூடிய முடிவல்ல இது. வெளியே உயர்கல்வி தொடர விரும்புவோர், சேர விரும்பும் கல்லூரி எந்தத் தகுதியை ஏற்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.