நினைவகம் இருந்தும் ‘இடமில்லை’ என்னும் சிறு கணினி

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது சிம் லிம் ஸ்குவேர். கணினியில் நினைவகம் போதவில்லை என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் இடம். ஆனால், அங்கு எத்தனை வெள்ளி செலவழித்தாலும் தீராத ஒரு ‘நினைவகப் பற்றாக்குறை’ உண்டு.

ஜெட்சன் நானோ, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் முகமறியும் நிரல்களை ஓட்டிப் பார்க்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் அதைச் சந்திக்க நேரலாம். நேற்றுவரை ஓடிய பைத்தான் நிரல், புதிதாக ஒரு நூலகத்தைச் சேர்த்ததும் ‘நிலையான டிஎல்எஸ் பகுதியில் நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். 4 ஜிபி நினைவகத்தில் பாதி காலியாக இருந்தாலும் இதே கதைதான்.

ஒரு நிரல் பல வேலைகளைத் தனித்தனி ‘திரெட்’களாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்கிறது. ஒவ்வொரு திரெட்டும் தன் சொந்தக் குறிப்புகளை வைத்துக்கொள்ளும் இடமே டிஎல்எஸ். லினக்சின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி, நிரல் தொடங்கும்போதே அந்த இடத்தை அளந்து ஒதுக்கிவிடும். பிறகு வந்து சேரும் நூலகங்களுக்காகக் கொஞ்சம் உபரியும் வைக்கும். பழைய பதிப்புகளில் அந்த உபரி 1,664 பைட்தான். இந்தக் கட்டுரையே அதில் அடங்காது.

சிராங்கூன் சாலையில் மாடியுள்ள ஓர் உணவகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். முன்பதிவு செய்யாதவர்களுக்கெனக் கீழ்த்தளத்தில் நான்கே நாற்காலிகள். மாடியேறக்கூடிய இளையர்கள், பக்கத்தில் இருக்கிறதே என்று அவற்றில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பின்னால் வரும் பாட்டியால் மாடியேற முடியாது. மாடி முழுவதும் காலி. பாட்டிக்கு மட்டும் இடமில்லை. ஏஆர்எம் வகைச் சில்லுகளில் நடந்ததும் இதுதான். வேறிடத்திலும் இயங்கக்கூடிய நூலகங்கள் வேகத்துக்காக உபரியைப் பிடித்துக்கொண்டன. ‘லிப்கோம்ப்’ போல, அங்கு மட்டுமே இயங்கக்கூடியவை வெளியே நின்றன.

2020 ஆகஸ்ட்டில் வெளியான ஜிலிப்சி 2.32, வேகத்துக்காக உபரியை எடுத்துக்கொள்வதற்கு 512 பைட் என வரம்பு வைத்தது. தேவைப்பட்டால் அதைக் கூட்டவும் வழி தந்தது. ஆனால், ஜெட்சன் நானோவில் ஓடும் உபுண்டு 18.04இல் இருப்பது ஜிலிப்சி 2.27. உபுண்டு 20.04இலும் 2.31தான்.

அங்கெல்லாம் பாட்டிக்கு முன்பதிவு செய்வதே வழி. இடம் கிடைக்காத நூலகத்தின் பெயர் பிழைச் செய்தியிலேயே இருக்கும். அதைப் பயன்படுத்தும் தொகுப்பை நிரலின் முதல் வரியிலேயே இறக்குமதி செய்தால் பல வேளைகளில் சரியாகிவிடும். ஆகாவிட்டால், ‘எல்டி_பிரீலோட்’ என்ற சூழல் மாறியில் அந்த நூலகக் கோப்பு இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு நிரலைத் தொடங்கலாம். தொடக்கத்திலேயே ஏற்றப்படுவதால் அதற்கான இடமும் சேர்த்தே அளக்கப்படும். இதை அந்த ஒரு நிரலுக்கு மட்டும் கொடுப்பது நல்லது. கணினி முழுமைக்கும் வைத்துவிட்டால், தொடர்பே இல்லாத நிரல்களும் அந்த நூலகத்தைச் சுமந்துகொண்டு ஓடும்.