நடுக்குவாதமும் நாளொழுக்கமும்

காங்கேசன்துறையை அடுத்த கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி மாருதப்புரவல்லி தன் குதிரைமுகம் நீங்கப்பெற்றாள் என்பது ஐதிகம். நடுக்குவாதமோ அவ்வாறு முற்றும் நீங்கும் பிணியன்று. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில வைத்தியர் இந்நோயை விரித்துரைத்தார். நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்புக்கலங்கள் அழிவதனாற் கை நடுங்கும்; உடல் இறுகும்; நடை தளரும்.

பூனைக்காலி வித்திலும் காணப்படும் லெவோடோபா 1960களில் இதற்கு மருந்தாயிற்று. அது துயரைத் தணிக்குமேயன்றி நோயை வேரறுப்பதில்லை. ஆதலின், வேளை தவறாத மருந்தும், நாள்தோறும் உடற்பயிற்சியும், விழாதிருக்கும் எச்சரிக்கையும் நோயாளர்க்கு இன்றியமையாதன.

முகத்தசை இறுகுதலாற் புன்னகை குன்றினும் உள்ளத்தன்பு குன்றுவதில்லை என்பதைச் சுற்றத்தார் உணர்தல் வேண்டும். சட்டைத் தெறியை அவர் தாமே பூட்டி முடிக்குமளவும் விரைவுபடுத்தாது பொறுத்திருத்தலும் மருந்தோடொக்கும் துணையாகும்.