துறைமுகத்துக்குத் துணையாக ஒரு ஓடுபாதை

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி அமைந்திருக்கிறது சீனக்குடா விமானத்தளம். ஆழமான இயற்கைத் துறைமுகம், அதன் அருகே பிரிட்டிஷ் கடற்படை கட்டிய 101 எண்ணெய்த் தாங்கிகள், இரண்டையும் காக்க ஒரு ஓடுபாதை. தாங்கி ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் எண்ணெய் கொள்ளும். காக்க வேண்டிய பொருள் பக்கத்தில் இருந்ததால்தான் இந்தத் தளம் பிறந்தது. எதிரியின் கண்ணில் பட்டதும் அதனால்தான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த குறி திருகோணமலை. ஏப்ரல் 8ஆம் தேதி இரவே துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் கடலுக்கு அனுப்பப்பட்டன. மறுநாள் காலை ரேடார் எச்சரித்ததும், சீனக்குடாவிலிருந்து 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. எண்ணிக்கையில் ஜப்பானியர் பல மடங்கு. துறைமுகமும் தளமும் கடுமையாக அடிவாங்கின. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் மோதியது. வெப்பத்தில் உருகி மடிந்த அதன் இரும்புத் தகடுகள் இன்றும் அங்கே துருவேறிக் கிடக்கின்றன.

அன்றைய பெருந்துயரம் நடந்தது கடலில். முந்தைய இரவு வெளியேறிய கப்பல்களில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் ஒன்று. அதன் விமானங்கள் கரையில் இருந்தன; மேல்தளத்தில் ஒரு விமானமும் இல்லாமல்தான் கப்பல் புறப்பட்டிருந்தது. மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் அதைக் கண்டுகொண்டது. சீனக்குடாவின் பாதுகாப்புக்குள் திரும்பிவிட கப்பல் விரைந்தது. இடைப்பட்ட தூரம் சண்டை விமானத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம்தான். ஆனால் உதவி கேட்ட செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. டைவ் பாமர்கள் வந்து சில நிமிடங்களில் ஹெர்மிஸ் மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரும் மூழ்கியது. பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் வந்து பார்த்தபோது காப்பாற்றக் கப்பல் இல்லை. வைட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைக் கடலிலிருந்து தூக்கிக் கரைசேர்த்தது.

ஒரு விமானத்தளத்தின் வலிமையை அங்கே நிற்கும் விமானங்களை மட்டும் எண்ணி அளக்க முடியாது. ரேடார், தொலைபேசிக் கம்பி, செய்தி வாங்கும் ஆள், எரிபொருள் எல்லாம் ஒன்றாக இயங்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும், பக்கத்திலேயே ஓடுபாதை இருந்தும் பயனில்லை என்பதை ஹெர்மிஸின் முடிவு கொடூரமாகக் காட்டியது.

இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. ஓடுபாதை 7,200 அடிக்கு நீட்டப்பட்டது. 1944 ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்காவின் பி-29 ராட்சத குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்து சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கிக் கிளம்பின. ஜப்பானின் போர் எந்திரத்துக்கு எண்ணெய் தந்த ஆலை அது. போய்வர ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். கிளம்பியவை 54, இலக்கை எட்டியவை 39. இவ்வளவு பாடுபட்டும் ஆலைக்குப் பெரிய சேதமில்லை. பி-29கள் இலங்கையிலிருந்து பிறகு தாக்குதலுக்குப் போகவே இல்லை.

1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவின் வற்புறுத்தலால் பிரிட்டிஷ் படைகள் விலக, தளம் இலங்கை வசமானது. இப்போது இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகம் அங்கே இயங்குகிறது. எஞ்சிய 99 தாங்கிகளை இலங்கையும் இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளையும் பங்கிட்டும் கூட்டாகவும் பயன்படுத்த 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.