வாத்து சுடும் துப்பாக்கி எல்இடி டிவியில் ஏன் சுடாது? 'டிவி கேம்' ரகசியங்கள்!

உத்திரமேரூர் பக்கம் உள்ள எங்கள் கிராமத்து வீட்டில், இந்த போகிக்குப் பரணை ஒழித்தபோது பழைய டிவி கேம் பெட்டியும் மஞ்சள் கேசட்டும் கிடைத்தன. அக்கா பையனுக்காக ஹாலில் இருக்கும் எல்இடி டிவியில் மாட்டினோம். மரியோ ஓடினார், காளான் தின்றார். ஆனால் வாத்து சுடும் கேமில் ஒரு வாத்துகூட விழவில்லை. "துப்பாக்கி ரிப்பேர் மாமா" என்றான். உண்மையில் துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை!

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற கேம் பெட்டியை வெளியிட்டது. நம்ம ஊர் கடைகளில் கிடைத்ததில் பெரும்பாலானவை அதன் நகல்கள். ஒரிஜினலில் பல சிப்கள் செய்த வேலையை ஒரே சிப்பில் அடக்கியதால் விலை குறைந்தது. 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கிய பிறகு, கிராமத்து வீடுகளிலும் மாட்டுவதற்கு டிவி இருந்தது. அம்மா சீரியல் பார்த்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்!

'9999 இன் 1' உண்மையா?

இல்லை. கான்ட்ரா, மரியோ, டாங்கி என உள்ளே இருந்தது கொஞ்சம் கேம்கள்தான். அதையே வேறு பெயரிலும் வேறு லெவலில் இருந்தும் தொடங்க வைத்து எண்ணிக்கையை ஏற்றினார்கள். சூப்பர் மரியோ முழு கேமின் அளவே வெறும் 40 கேபிதான். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் போட்டோ அதைவிடப் பெரிதாக இருக்கும்!

கரண்ட் போனால் ஏன் முதலில் இருந்து?

பெட்டியின் தற்காலிக நினைவகம் 2 கேபி மட்டுமே. கரண்ட் போனதும் அது அழிந்துவிடும். நம்மிடம் இருந்த கேசட்டுகளில் எழுதிச் சேமிக்கவும் வழியில்லை. மின்வெட்டு காலத்தில் எட்டாவது லெவலில் ஃபேன் நின்றபோது அழுதவர்களுக்கு இதுதான் பதில்.

கேசட்டை ஊதினால் சரியாகுமா?

ஊதியதால் சரியாகவில்லை. கழற்றித் திரும்ப மாட்டும்போது பின்கள் ஒழுங்காகப் பொருந்தியதுதான் காரணம். மூச்சில் இருக்கும் ஈரம் பின்களை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

சரி, வாத்து ஏன் விழவில்லை?

துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே போகாது. அதன் முனையில் இருப்பது வெளிச்சத்தை உணரும் சென்சார். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். சென்சார் கறுப்புக்குப் பிறகு வெள்ளையைப் பார்த்தால் வாத்து காலி! பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காகத்தான் முதலில் கறுப்பு.

பழைய பிக்சர் டியூப் டிவி சிக்னல் வந்தவுடனே படத்தைக் காட்டிவிடும். எல்இடி டிவியோ படத்தை டிஜிட்டலாக மாற்றிச் சரிசெய்து, சில மில்லி நொடிகள் தாமதமாகக் காட்டும். வெள்ளைக் கட்டம் வருவதற்குள் கேம் 'தவறிவிட்டது' என்று முடிவு செய்துவிடுகிறது.

அதாவது, பழைய டிவிகள் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போகப் போக, இந்த விளையாட்டும் கூடவே போகிறது. கேமை செல்போனில் இறக்கிவிடலாம், பிக்சர் டியூபை இறக்க முடியாது.

கடைசியில் பெரியம்மா வீட்டில் துணி போர்த்திக் கிடந்த அந்த இலவச டிவியைத் தூசி தட்டி மாட்டினோம். முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. "இதை மட்டும் பழைய சாமானுக்குப் போட்டுடாதீங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ஊரில் இருந்து கிளம்பினேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்!