சைக்கிள் பராமரிப்புச் சாமான்கள்: சிறிய சரக்கு, நிலையான வியாபாரம்

ஒரு வீட்டில் புதிய சைக்கிள் வாங்குவது பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். ஆனால் அந்தச் சைக்கிளுக்கு வேண்டிய எண்ணெய், பேட்ச், வால்டியூப், பிரேக் கட்டை ஆகியவை ஆண்டு முழுவதும் விற்கக் கூடியவை. தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. அதனால் சைக்கிள் இல்லாத தெருவே கிடையாது என்ற நிலை வந்துவிட்டது. பால்காரர், பேப்பர் போடுபவர், காய்கறி விற்பவர் எனச் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்களும் நம் வாடிக்கையாளர்களே.

இருந்தும் நம்மில் பலர் இந்தச் சரக்கை அலட்சியமாகக் கொள்முதல் செய்கிறோம். விலை குறைவு என்பதற்காக மெல்லிய தகட்டு ஸ்பானரை டஜன் கணக்கில் வாங்கித் தொங்க விடுகிறோம். அது இரண்டாம் முறையே வாய் விரிந்து, நட்டின் முனைகளையும் மழுக்கி விடுகிறது. வாடிக்கையாளர் ஸ்பானர் தயாரித்தவரைக் குறை சொல்ல மாட்டார். நம் கடையைத்தான் சொல்வார். விலை குறைந்த சாமான் வேறு, உதவாத சாமான் வேறு. இந்த வித்தியாசம் தெரிந்த கடைக்காரரிடம்தான் ஆட்கள் திரும்பி வருவார்கள்.

செயினில் இருந்து தொடங்குவோம்

சைக்கிளில் அதிகம் உழைப்பதும், குறைவாகக் கவனிக்கப்படுவதும் செயின்தான். தூசியும் பழைய எண்ணெயும் கலந்தால் அது உப்புக் காகிதம் போலச் செயினின் பின்களைத் தேய்க்கும். பின்கள் தேயத் தேயச் செயின் நீளும். நீண்ட செயின், பிரீவீல் பற்களையும் முன் செயின்வீல் பற்களையும் தின்றுவிடும். எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடித்தவர், கடைசியில் செயினோடு பிரீவீலையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

செயின் தேய்ந்துள்ளதா என்பதைக் கடையிலேயே அளந்து காட்டலாம். சைக்கிள் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளி சேர்ந்து சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்டீல் டேப்பை ஒரு பின்னின் மையத்தில் வைத்து, செயினை இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். கியர் சைக்கிளில் 12 1/16 அங்குலம் வந்தாலே செயினை மாற்றுவது நல்லது. 12 1/8 அங்குலம் வந்துவிட்டால் எந்தச் சைக்கிளானாலும் மாற்றியாக வேண்டும். அப்போது பிரீவீல் பற்களையும் பார்க்க வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் மட்டும் போட்டால் அது நழுவும். 'சரக்கு சரியில்லை' என்ற புகாரும் நமக்கே வரும்.

சுத்தம் செய்யும் முறை

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கெட்டியான பிரஷ், பழைய துணி, சிறிதளவு மண்ணெண்ணெய் போதும். முதலில் காய்ந்த பிரஷால் மண்ணைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். கருப்பு வராத வரை துணியால் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும். ஈரம் இருக்கும்போதே எண்ணெய் விட்டால், மிச்சமுள்ள மண்ணெண்ணெய் அதை நீர்த்துப் போகச் செய்துவிடும்.

உலர்ந்த பின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைச் சில சுற்று சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே பின்னுக்குத்தான் தேவை. வெளியே இருந்தால் தூசியைத்தான் பிடிக்கும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படக் கூடாது.

பெட்ரோலில் கழுவுவது ஆபத்து, சட்டென்று தீப்பிடிக்கும். ரேஷன் மண்ணெண்ணெயைக் கடையில் வாங்கி விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. மண்ணெண்ணெய் கிடைக்காதவர்களுக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெந்நீருமே உதவும். ஆனால் துருப்பிடிக்காமல் உடனே உலர்த்தி எண்ணெய் விட வேண்டும்.

எந்த எண்ணெய்?

பலர் வாகனங்களிலிருந்து வடித்த கருப்பு ஆயிலை விடுகிறார்கள். அதில் கரியும் உலோகத் துகளும் கலந்திருப்பதால் செயினுக்குக் கேடு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் செயின் இறுகும். கிரீஸைச் செயினுக்கு மேலே தடவினால் மண் ஒட்டும். கிரீஸ் ஹப், கோன் போன்ற பால்ஸ் உள்ள இடங்களுக்கே ஏற்றது. தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் நீர்ப்பாக இருப்பதால் அடிக்கடி விட வேண்டும். துரு இளக்கும் ஸ்பிரே, இறுகிய நட்டைக் கழற்ற நல்லது. தினசரி எண்ணெய்க்கு மாற்றாகாது. மூக்கு நீண்ட சிறு புட்டியில் வரும் சைக்கிள் எண்ணெயை முன்வரிசையில் வைப்பது நலம்.

எதை எவ்வளவு வாங்கலாம்?

அதிகமாக: பஞ்சர் பேட்ச், சொலூஷன், வால்டியூப், எண்ணெய், பிரேக் கட்டை, செயின் லாக். லாக் விற்கும்போது ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும்: கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் கழன்று விழும்.

அளவாக: டயர் லிவர், 15 மி.மீ. ஸ்பானர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, நிப்பிள் கீ, கைப்பம்பு, 1/4 மற்றும் 3/16 அங்குல பால்ஸ். ஸ்பானரைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

குறைவாக: பெட்டி வடிவில் வரும் செயின் கிளீனர். கியர் சைக்கிளுக்கு இது வசதி. முழு செயின் கவர் உள்ள சைக்கிளில் மாட்ட இடமிருக்காது. ஒன்றிரண்டு போதும்.

அளவு தவறினால் நஷ்டம்

சரக்கு திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் அளவுக் குழப்பமே. 26 × 1 3/8 என்ற டயரும் 26 × 1.75 என்ற டயரும் ஒன்றல்ல. முதலாவதற்கு ரிம்மின் உட்கார் விட்டம் 590 மி.மீ.; இரண்டாவதற்கு 559 மி.மீ. பின்னத்தில் எழுதியதையும் புள்ளி வைத்து எழுதியதையும் தனித்தனி அடுக்கில் வைக்க வேண்டும். பழைய பெரிய சைக்கிளின் 28 × 1 1/2 இவை இரண்டிலிருந்தும் வேறு (635 மி.மீ.). செயினிலும் கியர் இல்லாதவற்றுக்கு 1/8 அங்குல அகலம், பழைய 5, 6, 7 கியர் வகைகளுக்கு 3/32 அங்குலம்.

பம்பு கேட்பவரிடம் வால்டியூப் போட்ட பழைய வால்வா, மோட்டார் சைக்கிள் போன்ற வால்வா என்று கேட்டே கொடுக்க வேண்டும். பெடல் விற்கும்போது, இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றுவது என்று சொல்ல வேண்டும். தெரியாமல் முறுக்கினால் கிராங்கின் மரையே போய்விடும்.

பில் போடும்போது

22.9.2025 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆனால் ஸ்பானர், மசகு எண்ணெய் போன்றவை சைக்கிள் பாகம் என்ற தலைப்பில் வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பில் போடாமல், ஒவ்வொன்றின் குறியீட்டையும் கணக்காளரிடம் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

ஒரு புட்டி எண்ணெயில் கிடைக்கும் லாபம் சொற்பம்தான். ஆனால் ஸ்டீல் டேப்பை எடுத்து, 'உங்கள் செயின் இன்னும் தேயவில்லை, சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் போதும்' என்று சொல்லி அனுப்பும் கடைக்கு, அந்த வாடிக்கையாளர் நாளை டயருக்கும் வருவார், மறுநாள் புதுச் சைக்கிளுக்கும் வருவார். கல்லா அருகே ஒரு டேப்பையும், செயின் சுத்தம் செய்யும் முறை எழுதிய அட்டை ஒன்றையும் இந்த வாரமே மாட்டி வையுங்கள்.