படத்தோடு பெயரும் போகட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் ஓவியம் வரையத் தெரிந்தவர்கள் முதலில் ஆசைப்படுவது எதற்குத் தெரியுமா? தாங்கள் வரைந்ததை ஸ்கேன் செய்து நாலு பேருக்கு அனுப்புவதற்குத்தான். ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் உட்கார்ந்து, விடியற்காலை வெளிச்சத்தில் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தை வாட்டர் கலரில் வரைந்திருந்தேன். பதினொரு நிலைகளையும் ஒழுங்காகக் கொண்டுவர நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதை நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தெருவில் ஒரு பெரியவர் தன் போனைக் காட்டினார். "தம்பி, நீயும் படம் போடுறியே, இதைப் பாரு. யாரோ என்னமா வரைஞ்சிருக்கான்!" என்றார். என் கோபுரம்தான். மேலே ஒரு ரோஜாப்பூ, 'காலை வணக்கம்'. வலது கீழ் மூலையில் இருந்த என் பெயரைக் காணோம்; ஓரத்தோடு வெட்டிவிட்டிருந்தார்கள்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'சாமி படங்கள்' என்ற என் போல்டர் கண்ணில் பட்டது. கோபம் அதோடு அடங்கிவிட்டது. பழைய காலண்டர் படங்களைச் சேர்த்து வைத்திருந்த போல்டர் அது. கடை விலாசம் அசிங்கமாக இருக்கிறதே என்று கீழ்ப் பட்டையை நானே வெட்டி, பலருக்கும் அனுப்பியிருந்தேன். சில படங்களில் ஓவியரின் கையெழுத்தும் அந்தப் பட்டையோடு போயிருந்தது.

அவற்றில் பல, கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் படங்கள். 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். கடைசியில் கோவில்பட்டியில் தங்கி 1976-இல் மறைந்தார். அவர் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசி அச்சகங்கள் வழியே தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறு. பல படங்களில் டி.எஸ். சுப்பையா போன்ற சீடரின் பெயரும் குருவின் பெயரோடு சேர்ந்தே இருக்கும். சீடனின் உழைப்பைத் தன் பெயருக்குள் மறைக்காத மனிதரின் கையெழுத்தை நான் கத்தரித்திருக்கிறேன்!

இனி வேலைக்கு வருவோம். உங்கள் படத்தை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. ஏ4 தாள் இந்த அளவில் சுமார் 2480க்கு 3508 புள்ளிகள் கொண்ட படமாகும். இதை பிஎன்ஜி அல்லது டிஐஎப் வகையில் சேவ் செய்து, 'மூலம்' என்று ஒரு போல்டரில் போட்டு வையுங்கள். ஜேபெக் வகையில் பைல் சிறிதாகும்; ஆனால் திருத்தித் திருத்திச் சேவ் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் நுணுக்கம் போய்க்கொண்டே இருக்கும். பென் டிரைவிலும் ஒரு காப்பி இருக்கட்டும்.

வெளிர் நிறப் படம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் ஊர் நாயை வரைந்து ஸ்கேன் செய்தபோது நான் பட்ட பாடு! நாயோ வெள்ளை, தாளோ வெள்ளை. ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியதில் நாய் மறைந்து, இளஞ்சிவப்பு மூக்கு மட்டும் மிஞ்சியது. பிரைட்னஸ் அளவைக் குறைத்து மறுபடி ஸ்கேன் செய்தபின்தான் நாய் திரும்பி வந்தது.

ஸ்கேனரில் அடங்காத பெரிய படத்தை நிழலான பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனை நேராகப் பிடித்துப் படம் எடுக்கலாம். ஆனால் ஒன்று: போனில் அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடம் எது என்பதும் பைலுக்குள் பதிவாகிவிடும். உங்கள் வீடு இருக்கும் இடம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா?

மூலத்தை அனுப்பாதீர்கள். அதன் காப்பி ஒன்றைப் பெயிண்ட் புரோகிராமில் திறந்து, ரீசைஸ் கிளிக் செய்து, நீளமான பக்கத்தை 1200 பிக்சல் ஆக்கி, ஜேபெக் வகையில் புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். திரையில் பார்க்க இது தாராளம். நல்ல தரத்தில் அச்சடித்தால் நான்கு அங்குலத்துக்கு மேல் தாங்காது. உங்களைக் கேட்காமல் காலண்டர் போட நினைப்பவருக்குப் பயன்படாது.

அடுத்து, அந்தப் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெய்ல்ஸ் டேப் செல்லுங்கள். கீழே 'ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்பர்மேஷன்' என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் இடம் முதலிய தகவல்கள் நீங்கிய ஒரு காப்பி கிடைக்கும். பிறகு அந்தக் காப்பியில் ஆதர்ஸ், காப்பிரைட் என்ற இடங்களில் உங்கள் பெயரையும் ஆண்டையும் டைப் செய்து ஓகே கொடுங்கள். இதே வரிசையில் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் எழுதிய பெயரும் அழிந்துவிடும். நான் அப்படி ஒருமுறை அழித்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, உள்ளே எழுதிய தகவலையும் எடுத்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் பைல் அப்படியே போகும். எப்படியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் கையெழுத்தும் தேவை. அது ஓரத்தில் வேண்டாம். வெட்டினால் படமே கெட்டுப்போகும் இடத்தில் சிறிதாக இருக்கட்டும். நான் இப்போது கோபுர வாசல் நிழலுக்குள் எழுதுகிறேன்.

மற்றவர் படத்தை அனுப்பும்போது? நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. வரைந்தவுடனேயே உரிமை உண்டாகிவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஓவியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கொண்டையராஜுவின் ஓவியங்களுக்கு 2036 முடியும் வரை இருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட ஓவியருக்கும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி உண்டு. சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்தை டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அரசு பெயர்த்தெடுத்த வழக்கில், மிச்சத்தைத் திருப்பித் தந்து 5 லட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2005-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் கிடக்கட்டும். தமிழக அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரை மேற்குக் கோபுரமா என்று எங்கள் பக்கம் டீக்கடையில் இன்றும் சண்டை நடக்கும். அதை வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் என்று சொன்னால், "அப்படியா?" என்கிறார்கள். ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியும் அப்படித்தான். மாதுளம்பூவை மூக்காக வைத்து, இலைகளால் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மறுநாள் வேறு கிளி. அதில் கையெழுத்துப் போட ஏது இடம்? அந்தக் கிளியை நான் வரைந்து அனுப்பியபோது, 'கிளி: ஆண்டாள் கோயில் கைவினைஞர், ஓவியம்: நான்' என்று எழுதினேன். இதற்கு ஆன செலவு ஒரு வரி.

'சாமி படங்கள்' போல்டரைத் திருத்திக்கொண்டு வருகிறேன். பரணில் மிஞ்சிய காலண்டர்களைக் கீழ்ப் பட்டையோடு சேர்த்து மறுபடி படம் எடுத்து, பைல் பெயரிலேயே ஓவியர் பெயரையும் சேர்க்கிறேன். ஏழு படங்களுக்கு மட்டும் வழியில்லை. காலண்டரையே கத்தரித்து பிரேம் போட்டிருக்கிறேன். அவற்றுக்கு 'ஓவியர் பெயர் தெரியவில்லை, வெட்டியது நான்' என்று பெயர் கொடுத்திருக்கிறேன்.