எண்ணெய் முதலில், மெழுகு பிறகு

இத்தாலியில், ஃப்ளாரன்ஸ் நகருக்குத் தெற்கே இருக்கும் சிற்றூர் இம்ப்ருனேத்தா. மண்ணைச் சுட்டுப் பிழைத்த இவ்வூர்க்காரர்கள் 1308-லேயே சங்கம் வைத்திருந்தவர்கள். ‘கோத்தோ’ என்கிற அவர்களுடைய தரை ஓட்டுக்குக் கிளேஸ் பூச்சு கிடையாது. ஒயின் சிந்தினாலும் எண்ணெய் தெறித்தாலும் கறை உள்ளே இறங்கிவிடும். அதற்குத் தொஸ்கானா வீடுகளில் வழிவழியாக வந்த வைத்தியம், ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும்.

இந்த வேலை பெரும்பாலும் அவசரத்தால்தான் கெடுகிறது. ஓடு பதித்த சாந்தின் ஈரம் மேலேறும்போது உப்பையும் கூட்டி வரும். அது அடங்குமுன் மெழுகிட்டால் வெள்ளைத் திட்டுகள் அடியில் சிக்கிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஒரு பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் வியர்த்திருந்தால் தரை இன்னும் காயவில்லை. நம் ஊரில் சுட்ட மண் ஓடு பதிப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடவே வேண்டாம். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுத்து, எஞ்சியதை வீரியம் குறைந்த அமிலக் கரைசலால் கழுவி, மறுபடியும் காயவிட வேண்டும்.

பிறகு எண்ணெய். டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்தால் ஆழமாக இறங்கும். ஓடு குடிக்காமல் மேலே நிற்பதை அரை மணி நேரத்துக்குள் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுவது. அப்போது சூடும் பிறக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும் மென்மையான பொருள். நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கு, பிரேசில் பனையிலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகையும் கொஞ்சம் சேர்ப்பது நல்லது. அது உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். மெல்லியதாகப் பூசி, உலர்ந்ததும் துணியால் தேய்த்தால் போதும். தடித்த மெழுகில் அழுக்குத்தான் சேரும்.

கடைகளில் விற்கும் பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சு எனக்கு உடன்பாடில்லை. அடியிலிருந்து வரும் ஈரத்துக்கு வழிவிடாமல் அது வெளுத்து உரியும். அப்போது முழுத் தரையையும் சுரண்ட வேண்டிவரும். மெழுகுத் தரையில் தேய்ந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பூசினால் ஆயிற்று. கழுவ வினிகர் கூடாது. இதமான சோப்பு நீரில் பிழிந்த துணியே போதும். எப்போதும் ஈரமாகக் கிடக்கும் குளியலறைக்கு மட்டும் மெழுகைச் சொல்லமாட்டேன்.